இக்தியோசோரஸ்: ஒரு பெயர் ஊட்டத்தூருக்கு வந்த வழி

பண்டாரவளையில் இருக்கிற ‘வளை’ கையில் போடுகிற வளையலைச் சேர்ந்ததில்லை. எலியும் நண்டும் தோண்டுகிற வளையும் இல்லை. சிங்களத்தில் ‘வெல’ என்றால் வயல். ‘பண்டார’ என்பது பிரபுக் குடும்பத்தாருக்குரிய பட்டம். இரண்டும் சேர்ந்த ‘பண்டாரவெல’, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மலையேறி வந்த சனங்களின் காதில் விழுந்து, வாய்க்குப் பழகிய ஒரு தமிழ்ச் சொல்லின் உருவத்தை எடுத்துக்கொண்டது. ஸ்டேஷன் பலகையில் அப்படியே எழுதினார்கள், தபாலில் அப்படியே வந்தது, பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலும் ஏறிவிட்டது. இனி யார் வந்து மூலம் சொன்னாலும் தமிழில் ஊர் பண்டாரவளைதான். தோட்டத்தில் ‘பேர் பதியிறது’ என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் கிளாக்கர் முதல் நாள் எப்படி எழுதினாரோ அதுதான் பெயர். அந்தப் பெயரில்தான் சம்பளம், அந்தப் பெயரில்தான் சேமலாப நிதி. வீட்டில் கூப்பிடும் பெயர் வேறாக இருந்தால் அது வீட்டோடு சரி.

விலங்கியலாரின் பதிவேடும் இப்படித்தான் நடக்கிறது. ஓர் உயிருக்கு விதிப்படி முதலில் அச்சான பெயர் எதுவோ, அதற்கே முன்னுரிமை. அதன் பொருள் பிழையென்று பின்னால் தெரியவந்தாலும் பெயர் மாறாது. 1842இல் இங்கிலாந்தில் ஹியூ ஸ்ட்ரிக்லண்ட் தலைமையில் கூடிய குழு இந்த முறையை எழுதிவைத்தது. இன்றைய பன்னாட்டு விதித்தொகுப்பும் அதே அடிப்படையில்தான் நிற்கிறது. ஆகவே ஒரு விலங்கின் பெயரைப் பிரித்துப் பார்த்தால், பெயர் வைத்தவர் அன்று கையில் எதை வைத்திருந்தார், அதை என்னவென்று நினைத்தார் என்பது விலங்கைவிடத் தெளிவாகத் தெரியும். இக்தியோசோரஸ் என்ற பெயரை அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காரணம், அந்தப் பெயரின் ஒரு கிளை பழைய திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூர் வரை வந்திருக்கிறது. ‘எங்க பூர்வீகம் தொறையூர்ப் பக்கம், பெரம்பலூர்ப் பக்கம்’ என்று சொல்லும் குடும்பங்கள் ஊவாத் தோட்டங்களில் எத்தனையோ உண்டு. அவர்கள் விட்டுவந்த மண்ணுக்கடியில் கிடந்த பிராணி அது.

முதலில் பிராணியைச் சொல்லிவிடுகிறேன். இக்தியோசோர்கள் கடலில் வாழ்ந்து மறைந்த ஊர்வன. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரயாசிக் காலத்தின் தொடக்கத்தில் தோன்றி, சுமார் 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் நடுவில் அற்றுப்போயின. நிலத்தில் வாழ்ந்த டைனோசர்களுக்கும் இவற்றுக்கும் நேரடி உறவு கிடையாது. நுரையீரலால் மூச்சு விட்டன. அதற்காக நீர்மட்டத்துக்கு வந்து போயின. முட்டையிடக் கரையேறவில்லை, குட்டி போட்டன. சீனாவின் அன்ஹுயி மாகாணத்தில் சாவோஹு என்ற இடத்துக்கருகே கிடைத்த சாவோஹுசோரஸ் ஒன்றின் எலும்புக்கூட்டில், தாயின் உடலிலிருந்து குட்டி வெளிவருகிற நிலை அப்படியே கல்லாகியிருக்கிறது. 2014இல் மொட்டானி ரியோசுகேயும் கூட்டாளிகளும் அதை வெளியிட்டார்கள். குட்டி தலை முன்னே வருகிறது. கடலில் நிலைத்துவிட்ட திமிங்கிலங்களுக்குப் பெரும்பாலும் வால்தான் முதலில் வரும். தலை முன்னே வருவது தரை விலங்குகளின் வழக்கம். குட்டி போடும் பழக்கத்தை இக்தியோசோர்களின் முன்னோர் தரையிலிருந்தபோதே பெற்றுவிட்டார்கள் என்று அந்த ஒரு கல்லிலிருந்து அவர்கள் முடிவுகட்டினார்கள்.

டிரயாசிக் என்ற சொல்லும் ஒரு நிலத்தைப் பார்த்து வைத்ததுதான். ஜெர்மனியில் உப்புச் சுரங்கங்களில் வேலைபார்த்த ஃபிரீட்ரிக் ஃபான் அல்பெர்ட்டி, கீழே சிவப்பு மணற்கல், நடுவே சிப்பிச் சுண்ணக்கல், மேலே வண்ணக் களிக்கல் என்று மூன்று படைகள் ஒன்றாக வருவதைக் கண்டு, 1834இல் அவற்றுக்கு ‘டிரயாஸ்’ என்று பெயரிட்டார். மூன்று என்பது மட்டும்தான் அதன் பொருள். உலகின் வேறு இடங்களில் அந்தக் காலத்துப் பாறைகள் மூன்றாகப் பிரிவதில்லை. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

பண்டாரவளையில் எவ்வளவு தோண்டினாலும் இப்படி ஒரு பிராணி கிடைக்காது. ஊவா மலைகள் அடங்கிய மலைநாட்டுப் பாறைத்தொகுதி, டிரயாசிக் தொடங்குவதற்கு முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆழத்தில் வெந்து உருமாறி முடிந்துவிட்டது. அந்தக் கல்லில் எலும்பு தங்காது. அதில் ஒரு வகையின் பெயர் சார்னொக்கைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜோப் சார்னொக்கின் கல்லறையில் பதித்த கல்லை ஆராய்ந்து, இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் தாமஸ் ஹோலண்ட் 1893இல் வைத்த பெயர் அது. கல் போனதோ சென்னைக்கருகே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து. தமிழ்நாட்டுக் கல், வங்காளத்துச் சமாதி, வெள்ளைக்காரர் பெயர். அதுதான் இன்று நம் தேயிலை மலைக் கல்லுக்கும் பெயர்.

இக்தியோசோரஸ் கதை இங்கிலாந்தின் தென்கரையில், லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. 1811இல் ஜோசப் அனிங் என்ற பையன் கடற்கரைப் பாறையில் நான்கடி நீள மண்டையோடு ஒன்றைக் கண்டான். தங்கை மேரி அனிங் மறுவருடம் உடலின் மற்றப் பகுதியைக் கண்டுபிடித்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் இருக்கும். தச்சுவேலை செய்த தகப்பன் இறந்து, கடன் மட்டும் மிஞ்சிய குடும்பம். கல்லாகிப்போன சிப்பிகளைப் பொறுக்கி விற்றுத்தான் வயிறு வளர்த்தார்கள். அந்த எலும்புக்கூட்டை அவ்வூர் நிலப்பிரபு 23 பவுனுக்கு வாங்கினார். பிறகு லண்டனில் புல்லக் என்பவரின் காட்சிச்சாலைக்குப் போய், 1819இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. ஊரார் அதை முதலை என்றார்கள். அறுவைமருத்துவர் எவரார்ட் ஹோம் 1814இல் முதல் அறிவியல் கட்டுரையை எழுதினார். மீன்களுக்கே மிக நெருங்கியது என்றார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கருத்தை மாற்றிக்கொண்டே போனார். கண்டெடுத்த அனிங் குடும்பத்தின் பெயரை அவர் கட்டுரையில் எங்கும் காண முடியாது.

பெயர் வைத்தவர் சார்ல்ஸ் கூனிக். ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் மியூசியத்தில் இயற்கைப் பொருட்களைப் பார்த்துக்கொண்டவர். கிரேக்கத்தில் ‘இக்தூஸ்’ என்றால் மீன். ‘சௌரோஸ்’ என்றால் பல்லி, ஓணான் வகை. மீனுக்கும் ஊர்வனவுக்கும் நடுவில் நிற்கிறது என்ற எண்ணத்தில் 1817இல் இரண்டையும் ஒட்டி இக்தியோசோரஸ் என்றார். அது டார்வினின் நூலுக்கு நாற்பது ஆண்டு முந்திய காலம். உயிர்கள் எல்லாம் கீழிருந்து மேலாக ஒரே சங்கிலியில் கோத்திருப்பதாக நினைத்தார்கள். சங்கிலியில் விடுபட்ட ஒரு கண்ணி கிடைத்துவிட்டது என்பதுதான் அந்தப் பெயருக்குள் இருக்கும் மகிழ்ச்சி. ஹோமுக்கு அது பிடிக்கவில்லை. குகைநீரில் வாழும் புரோட்டியஸ் என்ற ஈரூடக விலங்கை நினைத்து, 1819இல் புரோட்டியோசோரஸ் என்று போட்டிப் பெயர் வைத்தார். 1821இல் ஹென்றி டி லா பேஷும் வில்லியம் கோனிபியரும் கூனிக்கின் பெயரை எடுத்து ஆண்டார்கள். போட்டி அத்தோடு தீர்ந்தது.

மீன் என்று நினைத்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பண்டாரவளைச் சந்தையில் கெலவல்லா மீன் வெட்டும்போது நடுத்துண்டில் வருகிற முள்வட்டைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: வட்டமாக, இரு பக்கமும் குழிந்து இருக்கும். இக்தியோசோரின் முள்ளெலும்பும் அப்படியே. இரு முகமும் ஆழமாகக் குழிந்த தடித்த வட்டு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நூற்றுக்கும் மேலே வரும். ஆனால் மீனில், முதுகுநரம்பைத் தாங்கும் மேல் வளைவு வட்டோடு சேர்ந்தே இருக்கும். இக்தியோசோரில் அது ஒட்டாமல் தனியாக உட்கார்ந்திருக்கும். உடல் அழுகியதும் வளைவு ஒருபக்கம் போய்விடும், வட்டு மட்டும் மிஞ்சும். வட்டின் பக்கவாட்டில் விலாவெலும்பு பொருந்தும் புடைப்புகள் உண்டு. நெஞ்சுப் பகுதியில் பக்கத்துக்கு இரண்டு, வால் பகுதிக்கு வரும்போது ஒன்றாகக் குறையும். இந்தப் புடைப்பைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மீன் வட்டுக்கும் இதற்கும் குழப்பமே வராது.

கைகால்களும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் துடுப்பு. உள்ளே மேற்கை எலும்பு ஒன்று, அதற்குக் கீழே முன்கை எலும்புகள் இரண்டு, பிறகு மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. பிந்திய இனங்களில் விரலெலும்புகள் பெருகி, வட்டக் கற்களை வரிசைவரிசையாகப் பதித்தது போலத் தோன்றும். மூக்குத்துளை அலகு நுனியில் இல்லை, கண்ணுக்கு முன்னால் மேலே ஏறியிருக்கிறது. கண்ணைச் சுற்றி எலும்புத் தகடுகளால் ஆன வளையம். வால் நுனியில் முதுகெலும்பு திடீரென்று கீழ்நோக்கி மடிகிறது. அந்த மடிப்பைப் பார்த்தே அங்கு ஒரு வால்துடுப்பு இருந்திருக்க வேண்டும் என்று ரிச்சர்ட் ஓவன் 1838இல் ஊகித்தார். 1892இல் ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடன் கரும்பாறையில் தோலின் நிழலோடு கிடைத்த உடலை எபர்ஹார்ட் ஃபிராஸ் விவரித்தபோது, பிறை போன்ற வாலும் முதுகில் எலும்பே இல்லாத ஒரு துடுப்பும் கண்ணால் பார்க்கக் கிடைத்தன. ஊகித்ததற்கும் பார்த்ததற்கும் நடுவே ஐம்பத்துநான்கு ஆண்டு.

பெயரின் பிந்திய கதை எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. அனிங் குடும்பத்தார் எடுத்த அந்த முதல் எலும்புக்கூட்டுக்காகத்தான் இக்தியோசோரஸ் என்ற சொல்லே பிறந்தது. இன்று அந்த எலும்புக்கூடு இக்தியோசோரஸ் இல்லை. ஒத்த பிராணிகள் பெருகப் பெருக, ஒரே பேரினத்துக்குள் அடக்க முடியாமல் பிரித்தார்கள். பெரிய உடலும் வெட்டும் பற்களும் கொண்ட வகைக்கு 1889இல் டெம்னோடோன்டோசோரஸ், அதாவது வெட்டுப்பல் சோரஸ், என்று தனிப் பெயர் வந்தது. முதல் எலும்புக்கூடு அங்கே போய்விட்டது. இக்தியோசோரஸ் என்ற பெயர், கோனிபியர் காலத்தில் ‘கம்யூனிஸ்’, அதாவது பரவலாகக் கிடைப்பது, என்று குறித்த சின்ன வகையோடு தங்கிவிட்டது. இந்தப் பிரிவினையைச் செய்து டெம்னோடோன்டோசோரஸ் என்று எழுதியவர் ரிச்சர்ட் லைடெக்கர். அதற்குப் பத்து ஆண்டு முன்னால் கல்கத்தாவில் இருந்தபோது, ஊட்டத்தூர் எலும்புக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அங்கே போவதற்கு முன் தமிழில் இந்தப் பெயர் படும் பாட்டைச் சொல்ல வேண்டும்.

தமிழில் பலர் இதை ‘மீன்பல்லி’ என்று எழுதுகிறார்கள். கூனிக் விட்ட பிழையை நாம் இன்னும் பெரிதாக்கி வாங்கிக்கொள்வது போலத்தான் இது எனக்குப் படுகிறது. கிரேக்கர்களுக்குச் சௌரோஸ் என்று ஒரு பொதுச்சொல் இருந்தது. நம் பேச்சில் அப்படி ஒன்று கிடையாது. சுவரில் சத்தமிடுவது பல்லி. வேலியில் தலையாட்டுவது ஓணான். காய்ந்த இலைக்குள் சரசரவென்று ஓடுவது அரணை. புற்றுக்குள் இறங்குவது உடும்பு. ஆற்றோரம் கிடப்பதைத் தோட்டத்தில் சிங்களப் பெயரிலேயே கபரகொய்யா என்போம். இவற்றில் எதையும் மற்றதன் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. பல்லி என்றதும் தமிழ்க் காதுக்குச் சுவரும் சகுனமும்தான் வருகின்றன. அதோடு மீனைச் சேர்த்தால் பதினைந்து மீட்டர் நீளப் பிராணி ஒன்று மனதில் எழ வழியே இல்லை. கூனிக்கின் இரண்டு பாதியும் தவறு என்று தெரிந்த பிறகு அந்தத் தவறை மொழிபெயர்ப்பதில் பயனில்லை. இக்தியோசோர் என்று ஒலியோடு எடுத்துக்கொண்டு, அது என்னவென்று நல்ல தமிழில் நாலு வரி விளக்குவதே மேல். பண்டாரவளையை யாரும் ‘பிரபுவயல்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கவில்லை.

டிரயாசிக் காலத்து உறவினர்களின் பெயர்களில் வேறொரு கதை ஓடுகிறது. அமெரிக்காவின் நெவாடாவில் கிடைத்த முள்ளெலும்புகளுக்கு ஜோசப் லைடி 1868இல் சிம்போஸ்போன்டிலஸ் என்று பெயரிட்டார். படகு வடிவ முள்ளெலும்பு என்று பொருள். கையில் இருந்தது அதுதான், அதையே பெயராக்கினார். வானத்தைத் தொடுகிற உவமையெதுவும் இல்லாத அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அதே பேரினத்தில் 2021இல் விவரித்த ஓர் இனத்தின் மண்டையோடு மட்டும் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உடல் பதினேழு மீட்டர் வரை இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அது வாழ்ந்தது ஏறத்தாழ 24 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இக்தியோசோர்கள் கடலுக்குள் இறங்கிச் சில லட்சம் தலைமுறைக்குள்ளேயே இவ்வளவு பெரிய உடல் வந்துவிட்டது.

இத்தாலியில் பெசானோ என்ற ஊரின் நடு டிரயாசிக் பாறையில் கிடைத்த ஒரு மீட்டர் நீளச் சிறு பிராணியை, ஃபிரான்செஸ்கோ பசானி 1886இல் இக்தியோசோரஸ் கொர்னாலியானஸ் என்று பதிவுசெய்தார். மறுவருடமே ஜார்ஜ் பாவுர் அதைப் பிரித்து மிக்ஸோசோரஸ் என்று மாற்றினார். ‘மிக்ஸிஸ்’ என்றால் கலப்பு. இங்கேதான் சொல்லாராய்ச்சிக்குச் சுவை இருக்கிறது. கூனிக்கின் பெயரும் கலப்பைத்தான் சொன்னது, பாவுரின் பெயரும் கலப்பைத்தான் சொல்கிறது. இரண்டு கலப்பும் ஒன்றில்லை. கூனிக் கண்டது மீனும் பல்லியும் கலந்த உடல். பாவுர் கண்டதோ பழைய கையும் புதிய துடுப்பும் கலந்த உடல். மிக்ஸோசோரஸின் முன்கை எலும்புகள் இரண்டும் இன்னும் நீண்டிருக்கின்றன, அவற்றுக்கிடையே இடைவெளி தெரிகிறது. ஐந்து விரலும் உண்டு. வட்டக் கல் பதித்தது போன்ற பிந்திய துடுப்பாக அது இன்னும் மாறவில்லை. வாலின் மடிப்பும் லேசாகத்தான் இருக்கிறது. பல்லும் முன்னே கூர்மையாக, பின்னே மழுங்கலாக இரு விதம். தரையில் நடந்த ஊர்வனதான் கடலுக்குத் திரும்பின என்பதற்கு அதைப் பாவுர் சான்றாகக் கொண்டார். கூனிக்குக்கும் பாவுருக்கும் நடுவிலுள்ள எழுபது ஆண்டில் டார்வினின் நூல் வந்து போயிருந்தது. ‘நடுவில்’ என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது.

2020இல் மிக்ஸோசோரஸின் தோல் தடத்தோடு கூடிய உடல் ஒன்றை சில்வியோ ரெனெஸ்டோவும் குழுவினரும் விவரித்தார்கள். முதுகுத்துடுப்பு அதற்கும் இருந்திருக்கிறது. ஹோல்ட்ஸ்மாடன் பிராணிகளுக்கு ஆறு கோடி ஆண்டு முந்தியே அந்தத் துடுப்பு உருவாகிவிட்டது என்று ஆயிற்று.

வகைப்பாட்டில் இவற்றை எங்கே வைப்பது என்பதில் நூறு வருடம் தகராறு இருந்தது. ஊர்வனவற்றின் மண்டையோட்டில் கண்ணுக்குப் பின்னால் தாடைத் தசைக்காக எத்தனை துளை இருக்கிறது என்பதை வைத்துக் குலம் பிரிப்பார்கள். ஆமைக்கு ஒன்றுமில்லை, ஓணான், முதலை முன்னோருக்குப் பக்கத்துக்கு இரண்டு. இக்தியோசோருக்கு மேலே ஒன்று மட்டும். அதனால் தனிக்குலம் என்று ஒதுக்கிவைத்தார்கள். இரண்டு துளையில் கீழ்த்துளை அடைபட்டு மேல்துளை மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதே இப்போது பெரும்பாலோர் கருத்து. அதாவது ஓணானும் முதலையும் பறவையும் அடங்கிய பெருங்குலத்தின் ஒரு பழங்கிளை. ஜப்பானின் உத்தாத்சு என்ற ஊர்ப் பெயரால் அமைந்த உத்தாத்சுசோரஸ் போன்ற மிகப் பழைய எலும்புக்கூடுகளை 1998இல் மொட்டானி மீண்டும் ஆராய்ந்ததும் இதற்குத் துணைநின்றது. அதன் இடுப்பெலும்பு இன்னும் முதுகெலும்போடு தொடர்பு விட்டுப்போகாமல் இருந்தது.

நம் துணைக்கண்டத்தை ஒட்டிக் கிடைத்த டிரயாசிக் கடல் ஊர்வனவற்றில் ஒன்று ஹிமாலயாசோரஸ். 1960களில் சீனர்கள் எவரெஸ்ட் பகுதியை ஆராய்ந்தபோது திபெத்தில் கிடைத்தது. டோங் ஷிமிங் 1972இல் ஹிமாலயாசோரஸ் திபெத்தென்சிஸ் என்று பெயர் வைத்தார். பற்களும் தாடைத் துண்டும் சில எலும்புகளும்தான் இருந்தன. இதை ஒரு தனி இனமென்று ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 1999இல் பற்களின் விளிம்பு தட்டையாகி வெட்டும் கூர்மை பெற்றிருப்பதைக் காட்டிப் பெயரைக் காப்பாற்றினார்கள். உடல் பதினைந்து மீட்டரைத் தாண்டியிருக்கும் என்பது கணிப்பு. பனிக்கு இருப்பிடம் என்று பொருள்படும் மலைப்பெயரைச் சுமக்கும் இந்தப் பிராணி பனியை அறியாது. அது நீந்திய காலத்தில் இமயமும் இல்லை. எடுவார்ட் சூஸ் 1893இல் கிரேக்கக் கடல்தேவதையின் பெயரால் டெத்திஸ் என்று அழைத்த பெருங்கடலின் தென்கரை அது. அந்தக் கரை இந்திய நிலத்துக்குரியது. இலங்கை அப்போது இந்தியாவோடும் மடகாஸ்கரோடும் அண்டார்டிகாவோடும் ஒட்டியே கிடந்தது. அந்தக் கடலின் எச்சம் ஒன்று தமிழ் வைணவ வீடுகளுக்கு என்றோ வந்துவிட்டது. கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமம், டெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள்சிப்பி உள்ளே கல்லானதுதான்.

இனி ஊட்டத்தூர். திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகும் வழியில் பாடாலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேவாரத்தில் ஊற்றத்தூர் என்று வரும் வைப்புத்தலம் இது என்பார்கள். 1840களில் கே, கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பக்கத்துச் சிப்பிக் கற்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார். ஹென்றி பிளான்ஃபோர்டு நிலத்தைப் படமாக்கி, 1862இல் வெளியிட்ட அறிக்கையில் பாறைகளை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கீழே ஊட்டத்தூர், நடுவே திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர். மூன்று தமிழ்ப் பெயர்களும் ஆங்கில எழுத்தில் உருமாறி உலகப் புவியியலுக்குள் போய்விட்டன. உட்டட்டூரிசெரஸ் என்று ஓர் அம்மோனைட் பேரினமே இருக்கிறது. ஊட்டத்தூர்க் கொம்பு என்று பொருள். பிளான்ஃபோர்டு சங்கிலி பிடித்து அளந்த அதே ஆண்டுகளில் அந்த ஊர்களிலிருந்து கங்காணிமாரோடு சனங்கள் கோப்பிக் காட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பிற்பாடு 1904இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள்திரட்டும் லேபர் கமிஷன் தலைமையகத்தைத் திருச்சியிலேயே திறந்தது.

1874இல் இந்தியப் புவியியல் ஆய்வகத்தில் சேர்ந்த லைடெக்கர், 1879இல் வெளியிட்ட நூலில் ஊட்டத்தூர் அடுக்கிலிருந்து வந்த முள்ளெலும்பு வட்டுகளைப் பார்த்து இக்தியோசோரஸ் இண்டிகஸ் என்று எழுதினார். இந்தியாவுக்குரிய இக்தியோசோரஸ். மண்டையோடு இல்லை, துடுப்பு இல்லை, பல் இல்லை. வட்டுகள் மட்டும். இலங்கையில் பீ.ஈ.பீ. தெரணியகல 1939இல் பற்களைக் கொண்டு மறைந்துபோன இலங்கைச் சிங்கத்துக்கு ‘சிங்ஹலேயுஸ்’ என்று பெயர் வைத்ததும் இதே வகைதான்: கிடைத்தது சிறிது, பெயரில் ஏறியது முழு நாடு. லைடெக்கர் காலத்தில் இக்தியோசோரஸ் என்பது எல்லாவற்றையும் போட்டுவைக்கும் பேரினமாக இருந்தது. பின்னால் கிரெட்டேசியஸ் கால இனங்களை ஃபான் ஹூனே 1922இல் உண்டாக்கிய பிளாட்டிப்டெரிஜியஸ், அதாவது அகன்ற துடுப்பு, என்ற பேரினத்துக்கு மாற்றியபோது இண்டிகஸும் அங்கே போய் உட்கார்ந்தது. துடுப்பே கிடைக்காத ஒன்றுக்கு அகன்ற துடுப்பு என்று பெயர்.

வட்டு மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. ஒரே பிராணியில் கழுத்து வட்டு ஓர் அளவு, நெஞ்சில் ஓர் அளவு, வாலில் ஓர் அளவு. குட்டியிலும் கிழத்திலும் வேறு. ஒரே காலத்து இரண்டு இனங்களின் நடுமுதுகு வட்டுகள் பிரித்தறிய முடியாதபடி ஒத்திருக்கும். ஆகவே கிறிஸ்டோபர் மக்கௌவனும் மொட்டானியும் 2003இல் இக்தியோசோர்களின் கையேட்டை எழுதியபோது இண்டிகஸை ஐயப்பெயர் என்று குறித்தார்கள். ஐயப்பெயர் என்றால் நீக்கிய பெயர் இல்லை. பதிவேட்டில் அது இருக்கும், எந்த எலும்பையும் அதன் கீழ் உறுதியாகச் சேர்க்க முடியாது. இதில் லைடெக்கரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் பதிந்திராவிட்டால், இக்தியோசோர்கள் அற்றுப்போவதற்குச் சற்று முந்திய காலத்தில் தமிழ்நாட்டுக் கடலில் இருந்தன என்பதே நீண்டகாலம் கவனத்துக்கு வந்திருக்காது. ஊட்டத்தூர் அடுக்கின் ஒரு பகுதியான காரைக் களிமண், ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுப் பழையது. இக்தியோசோர்களின் வரலாறு முடிய இன்னும் சில பத்து லட்சம் ஆண்டுகள் மட்டுமே பாக்கி. 2011இல் சார்லி அண்டர்வுட், பிரசாத் முதலியோர் காரையில் சுறாப் பற்களோடு இக்தியோசோர் எச்சங்களையும் வெளியிட்டார்கள். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக் கிராமத்தையடுத்த அந்தச் செம்மண் ஓடைக்காட்டில் மழைக்குப் பிறகு பெலெம்னைட் என்ற குச்சிக் கற்களும் ஜிப்சப் பாளங்களும் தரையெங்கும் கிடக்கும்.

அதே பிரசாத்தும் கூட்டாளிகளும் 2017இல் குஜராத்தின் கட்ச் பகுதியில், லோடாய் என்ற கிராமத்தில் எடுத்த பிராணியை வெளியிட்டார்கள். ஐந்தரை மீட்டர் உடல், கிட்டத்தட்ட முழுதாக, ஜுராசிக் காலத்தின் பின்பகுதியைச் சேர்ந்தது. இந்தியாவில் அதுவரை கிடைத்த எந்த இக்தியோசோரோடும் ஒப்பிட முடியாத சிறப்பு. அதற்கு அவர்கள் இனப்பெயர் வைக்கவில்லை. கண் என்று பொருள்படும் சொல்லால் அமைந்த ஆஃப்தால்மோசோரிடே குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். லைடெக்கருக்குச் சில வட்டுகள் போதுமாக இருந்தன. இவர்களுக்கு ஒரு முழு உடலும் போதவில்லை. இரண்டு காலத்தின் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு மௌனத்தில் தெரிகிறது, நான் இரண்டாவதையே மதிக்கிறேன்.

காரையில் ஒருநாள் மண்டையோடு கிடைக்கலாம். அந்த மண்ணில் வருடாவருடம் மழை அரிக்கிறது, புதிது புதிதாக வெளியே வருகிறது. கிடைத்தால் இண்டிகஸ் என்ற பழைய பெயரை அதன் தலையில் கட்ட முடியாது. வட்டும் மண்டையோடும் ஒரே இனம் என்று காட்ட வழியில்லை. புதுப் பெயர்தான் வைக்க வேண்டும், அந்த எலும்பும் யாரும் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு நூதனசாலையில் எண்ணிட்டு இருக்க வேண்டும். ஊர்ப் பெயரை வைப்பதென்று முடிவுசெய்தால் பெயரிடுபவருக்கு இரண்டு வடிவம் கைவசம் இருக்கும்: பிளான்ஃபோர்டு எழுதியதிலிருந்து அம்மோனைட்டுக்குப் போன உட்டட்டூர் ஒன்று, தேவாரத்து ஊற்றத்தூர் ஒன்று. என்னைக் கேட்டால் ஊற்றத்தூரைச் சொல்வேன். ஆங்கிலக் கணக்கில் பதிவதற்கு முன்னால் அந்த ஊருக்கு இருந்த பெயர் அது.